கை நனைக்காமல் வந்த அப்பா

பலாங்கொடை,
2024 பெப்ரவரி 11

அன்பு மகள் நிரோஷாவுக்கு,

நீ என் நம்பரை அடைத்துவிட்டாய் என்று விஜயகலா சித்தி வந்து சொன்னாள். அதுவரைக்கும் போன் பழுதாகிவிட்டது என்று நினைத்து அதைத் தட்டிக்கொண்டும் கழற்றிப் பூட்டிக்கொண்டும் இருந்தேன். சரி, தபாலை உன்னால் அடைக்க முடியாது. தேயிலைக் கொழுந்து லொறிக்கு டயர் எடுக்க டவுனுக்கு வந்த இடத்தில், டயர் மேலேயே பேப்பரை வைத்து இதை எழுதுகிறேன். எழுத்து வளைந்திருந்தால் டயரைத் திட்டு, என்னைத் திட்டாதே.

போன ஞாயிறு சதீஸ் வீட்டில் நடந்ததற்கு மன்னித்துக்கொள். எனக்கு வயிறு சரியில்லை. கேகாலை வரைக்கும் பஸ்ஸில் குலுங்கி வந்ததில் புரட்டிவிட்டது. அந்த அம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து நீட்டியபோது வாசனையே ஒத்துக்கொள்ளவில்லை. வேண்டாம் என்றேன், மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் மறுபடியும் நீட்டினார். நான் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். சம்பந்தம் பேசப் போன வீட்டில் கை நனைக்காமல் எழுந்தால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும், வயிற்றுக்குத்தான் தெரியவில்லை.

சதீஸ் நல்ல பையன். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஹார்ட்வெயார் கடையில் நின்று, ஒருவனையும் ஏமாற்றாமல் பேசுகிறான். எனக்குச் சம்மதமில்லை என்று நீ நினைத்தால் அது பொய். நாள் சொல், நானே போய் அவர்களிடம் பேசுகிறேன்.

மீராசாஹிப் முதலாளியின் துணிக்கடையில் பெருநாள் வியாபாரம் தொடங்கப் போகிறது, உனக்கு வேலை கூடும். நேரத்துக்குச் சாப்பிடு. அவர்கள் வீட்டு மேல் அறையில் தங்குகிறவள், நூரியா மாமிக்கு ஒத்தாசையாய் இரு. இங்கே மழையில்லை, கொழுந்தும் இல்லை.

உன் அப்பா
வேலாயுதம்

மாவனல்லை,
2024 பெப்ரவரி 20

அப்பா,

வயிறு சரியில்லையா? கேகாலை பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ரோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டு, காரம் போதாது என்று கடைக்காரரோடு சிங்களத்தில் கேலி பேசிச் சிரித்தவருக்கு வயிறு சரியில்லையா? கூட வந்த சித்திக்குக் கண் இருக்கிறது, வாயும் இருக்கிறது. எனக்கு எல்லாம் தெரியும்.

சதீஸின் அம்மா என்ன சொன்னார் தெரியுமா? "எங்க வீட்டுத் தண்ணி அவருக்கு எறங்காதாமா? நாங்க என்னா கொறஞ்ச ஆளுங்களா?" என்று கேட்டாராம். சாதி பார்த்துத்தான் தம்ளரைத் தொடவில்லை என்று அந்த லயத்து வீடுகள் முழுக்கப் பேச்சு. சதீஸ் கடைக்கு வந்து, ஆட்களுக்கு முன்னால், "ஒங்கப்பாவுக்குப் புடிக்கலன்னா நேரா சொல்லச் சொல்லு" என்றார். கவுண்டரில் கிடந்த புடவையை மடித்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தேன்.

அம்மா போன நாளிலிருந்து நீங்கள் எந்த வீட்டிலும் தேத்தண்ணி குடிப்பதில்லை என்று நம் லயத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். கருமாதிக்கு நான் ஊற்றிக் கொடுத்த தம்ளரும் ஜன்னலில் ஆடை படிந்து கிடந்தது. நான் பார்த்தேன். அம்மாவுக்காக நீங்கள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அதையும் பார்த்தேன். நான் மாவனல்லையிலிருந்து வந்து சேர்வதற்குள் உடுத்திப் படுக்க வைத்துவிட்டீர்கள். என்ன நடந்தது என்று கேட்டால் "குளவி" என்றீர்கள். ஒரு சொல். அதற்குப் பிறகு வாசலில் நின்று சிங்கள லொறிக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தீர்கள்.

இப்போது புதுக்கதை ஒன்று. சித்தி கண்ணாடி மாற்ற இரத்தினபுரிக்குப் போனாராம். ஆஸ்பத்திரி மதில் ஓரத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்களாம். இளநீலச் சேலை கட்டிய ஒரு சிங்கள நோனா பக்கத்தில் நின்று தண்ணீர்ப் போத்தலை நீட்டினாராம். நீங்கள் அதை வாங்கிக் குடித்தீர்களாம். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை வந்தால் நீங்கள் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு பஸ் ஏறுவதை லயமே பார்க்கிறதாம். யார் அது? அம்மா போய் ஆண்டுத் திதிகூட வரவில்லை அப்பா.

"ஏன் மகள் இப்பிடி நடந்துகொண்டே ஈக்கிறீங்க, கால் வலிக்கல்லயா?" என்று நூரியா மாமி கேட்கிறார். உங்களால்தான் நடக்கிறேன் அப்பா.

நிரோஷா

பலாங்கொடை,
2024 பெப்ரவரி 27

மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. சித்தியின் கண்ணாடி நல்ல கண்ணாடி போலிருக்கிறது.

ஆமாம், ஒரு பெண்தான். போதுமா? சதீஸ் வீட்டில் கேட்டால், கிழவனுக்கு வயசுக் கோளாறு என்று சொல்லிவிடு. நாலு நாள் சிரிப்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். ஆண்பிள்ளைக்கு அந்தப் பழி ஒட்டாது. உன் கல்யாணத்துக்கும் அதனால் கெடுதல் வராது. இனிமேல் இரத்தினபுரிக்குப் போகவும் மாட்டேன். வருகிற செவ்வாய்க்கிழமை லொறியோடு மலையில்தான் இருப்பேன். நீ நிம்மதியாய் இரு.

வேறு எதையும் கேட்காதே. உனக்கு நான் ஒரு நாளும் கெடுதல் நினைத்ததில்லை.

அப்பா

மாவனல்லை,
2024 மார்ச் 7

அப்பா,

நான் செவ்வாய்க்கிழமை இரத்தினபுரிக்குப் போனேன். முதலாளியிடம் பல்வலி என்று பொய் சொல்லிவிட்டு விடிய முன் பஸ் ஏறினேன். நீங்கள் போகமாட்டேன் என்று எழுதியதை நம்பவில்லை. கையும் களவுமாகப் பிடித்து, அந்த நோனாவின் முகத்துக்கு நேரே நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் போனேன். பஸ்ஸிலேயே சிங்களத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். உட்கார முடியவில்லை. கேட்டுக்கும் மதிலுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தேன். நீங்கள் வரவில்லை. ஆனால் அவர் வந்தார். அதே இளநீலச் சேலை, கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை. வாசலில் வந்து நின்று யாரையோ எதிர்பார்க்கிறவர் மாதிரி ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். நான் நேரே போய், வேலாயுதம் என்ற லொறி டிரைவரைத் தெரியுமா என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "இங்க யார் வர்றாங்க, யார் போறாங்கன்னு நான் வெளியில சொல்லக் கூடாது தங்கச்சி. நான் எங்க வேலை செய்றேன்னு வேணும்னா காட்டுறேன்" என்று சிங்களத்தில் சொல்லி, உள்ளே ஒரு கட்டடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் போர்ட். மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. மனநலக் கிளினிக்.

நான் தமிழ் எழுத்தைப் படித்தேன், சிங்களத்தையும் படித்தேன், வேறு எதாவது எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது போல. அவர் என் கையில் ஒரு தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தார். கேட்க நினைத்த நாலு கேள்வியில் ஒன்றுகூட நினைவில்லை. மறுபடி பஸ் ஏறியது தெரியும். அவிசாவளையில் இறங்கி, ஏன் இறங்கினேன் என்று தெரியாமல் நின்று, பிறகு வேறு பஸ் பிடித்தேன்.

அப்பா, என்ன இது? உங்களுக்கு ஒரு சுகவீனம் என்றால் மகளிடம் சொல்ல மாட்டீர்களா? உங்களுக்கு ஒரு பெண் தொடுப்பு என்று நான் நம்பினாலும் பரவாயில்லை, இதை மட்டும் தெரிந்துகொள்ளக் கூடாதா? எனக்கு உங்கள் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம் அதிகம். மருந்து தந்திருக்கிறார்களா? அதையும் நிறுத்திவிட்டீர்களா? உடனே எழுதுங்கள். நம்பரைத் திறந்துவிட்டேன். நான் போன் எடுத்தால் நீங்கள் மூச்சு மட்டும் விடுகிறீர்கள், அதைக் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதவே எழுதுங்கள்.

நிரோஷா

பலாங்கொடை,
2024 மார்ச் 13

அன்பு மகளுக்கு,

நீ நிச்சயம் என் பிள்ளைதான். வேறு யாராவது இப்படிப் போய் வாசலில் நிற்பார்களா!

சொல்கிறேன். போன ஒக்டோபரில் ஒரு நாள், மலையிலிருந்து கொழுந்து ஏற்றிக்கொண்டு தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் போகும் வழியில், மூன்றாம் வளைவில் லொறியை நிறுத்தினேன். நிறுத்தியவன் எடுக்கவில்லை. கை ஸ்டியரிங்கில் இருக்கிறது, சாவி கிடக்கிறது, திருப்ப முடியவில்லை. கொழுந்து வாடுகிறது என்று கணக்கப்பிள்ளை போனில் கத்துகிறார். எனக்கு அவர் குரல் பக்கத்து வீட்டு ரேடியோ போலக் கேட்டது. கடைசியில் தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா வந்து என்னைக் கையைப் பிடித்து இறக்கினார். அவர்தான் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்து இரத்தினபுரிக்கு அனுப்பினார். டாக்டர் மாத்திரை தந்தார். பேசுவதற்கு இனோகா மிஸ்ஸிடம் அனுப்பினார். மாதம் ஒரு தரம். அன்றைக்குச் சித்தி பார்த்தது, நான் பேச்சின் நடுவில் எழுந்து ஓடி வந்து மதிலில் உட்கார்ந்த நேரம். மிஸ் தண்ணீர் கொண்டுவந்து, திரும்ப உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

ஏன் மறைத்தேன் என்கிறாய். உனக்குச் சம்பந்தம் பேசுகிற நேரம். பெண்ணின் அப்பா ஒருத்தியோடு சுற்றுகிறான் என்றால் ஊர் சிரிக்கும். பெண்ணின் அப்பாவுக்குப் பைத்தியம் என்றால், "பொண்ணுக்கும் வருமா, பொறக்குற புள்ளைக்கும் வருமா" என்று கேட்டு எழுந்து போய்விடுவார்கள். இரண்டில் எது மலிவோ அதை எடுத்தேன். நீ என்னை வெறுத்தாலும் உனக்கு ஒரு வீடு அமைந்துவிடும் என்று நினைத்தேன். கல்யாணம் முடியட்டும், பிறகு கிளினிக்குக்குப் போகிறேன். மாத்திரை தீர்ந்து கொஞ்ச நாளாகிறது. தூக்கம் இல்லை. லயத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன், நாய்கள்கூடக் குரைப்பதை விட்டுவிட்டன.

அந்த மூன்றாம் வளைவில், திருப்பாமல் அப்படியே நேரே விட்டால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. போன வாரமும் வந்தது. அதை உனக்கு எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன், அடித்தால் பேப்பர் கிழியும்.

அப்பா

மாவனல்லை,
2024 மார்ச் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

முதலில் லொறிச் சாவியைக் கொடுத்துவிடுங்கள். இன்றைக்கே. நான் சித்தியோடு பேசிவிட்டேன், உங்கள் கதையைச் சொல்லவில்லை, அப்பாவுக்குத் தலைச்சுற்று இருக்கிறது, லொறி ஏற விடாதீர்கள் என்று மட்டும் சொன்னேன். மாத்திரைச் சீட்டு கூரைக்கம்பியில் செருகியிருக்கும், எனக்குத் தெரியும், நீங்கள் எல்லாவற்றையும் அங்கேதான் செருகுவீர்கள். டிஸ்பென்சரி ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எனக்கு அப்பா இல்லாமல் கிடைக்கிற வீடு வேண்டாம். இதை விளங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நான் துணி எடுக்கும் ஏணியில் உட்கார்ந்து அழுதேன், முதலாளி கடையை விட்டே வெளியே போய்விட்டார், நான் அழுவதை அவர் பார்க்கக் கூடாது என்று.

நூரியா மாமியிடம் சொல்லிவிட்டேன். கோபிக்காதீர்கள். "வெக்கப்பட ஒன்டுமில்ல மகள். சீனி வருத்தத்துக்குக் கிளினிக் போறல்லயா, அது மாதிரி" என்றார். அவர் தங்கை மகள் மஸீஹா நர்ஸ் வேலை செய்கிறார். அவர் மூலமாக ஒரு நல்ல செய்தி. கேகாலையில் ஓர் இடத்தில் தமிழ் பேசும் உளவளத்துணையாளர் ஒருவர் வெள்ளிக்கிழமைகளில் வருகிறாராம். இந்தப் பக்கம் தமிழில் இப்படி ஒருவர் கிடைப்பது குதிரைக்கொம்பு. மஸீஹா எவ்வளவோ பேரிடம் கேட்டு ஏப்ரல் 5ஆம் திகதிக்கு உங்களுக்கு ஒரு நேரம் வாங்கித் தந்திருக்கிறார். பாவம் நீங்கள், இவ்வளவு நாளும் மனதில் இருப்பதை வேற்று மொழியில் சொல்லித் திண்டாடியிருப்பீர்கள். அதனால்தான் பாதியில் எழுந்து ஓடியிருக்கிறீர்கள். தாய்மொழியில் கொட்டிவிட்டால் பாரம் இறங்கும்.

கட்டாயம் வாருங்கள். நான் லீவு கேட்டால் முதலாளி இந்த நோன்பு நேரத்தில் சங்கடப்படுவார். மஸீஹா பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பார்.

நிரோஷா

பலாங்கொடை,
2024 ஏப்ரல் 7

அன்பு மகளுக்கு,

சாவியைக் கொடுத்துவிட்டேன். இப்போது ஸ்டோரில் கொழுந்து இறக்குகிற இடத்தில் நிற்கிறேன். மாத்திரையும் தொடங்கிவிட்டேன்.

கேகாலைக்குப் போனேன். உன்னிடம் மஸீஹா சொல்லியிருப்பார், நான் அங்கே நெடுநேரம் இருக்கவில்லை. அந்தத் தம்பி மேல் குறையில்லை. தங்கமான ஆள். கதவைச் சாத்திவிட்டு, "சொல்லுங்க ஐயா, ஒங்க சம்சாரத்தப் பத்திச் சொல்லுங்க" என்றார். நான் சுவரில் இருந்த பேன் சுவிட்சைப் பார்த்தேன். அவர் காத்திருந்தார். என் வாய் திறந்தது, அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. கன்னம் இரண்டும் மரத்துப்போயிற்று. மன்னித்துக்கொள்ளுங்க தம்பி என்று சொல்லி வந்துவிட்டேன்.

நீ நினைத்தது தலைகீழாய் இருக்கிறது மகளே. சிங்களத்தில் சொல்லித்தான் நான் திண்டாடினேன் என்று நினைத்தாய். சிங்களத்தில்தான் என்னால் சொல்ல முடிகிறது. "மகே நோனா நெதி உனா" என்று இனோகா மிஸ்ஸிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். என் சம்சாரம் இல்லாமல் போய்விட்டாள் என்று. வேறு யாரோ ஒருவனுக்கு நடந்ததைச் சொல்வது போல வந்துவிடுகிறது. லொறிக்காரர்களிடமும் அப்படித்தான் சொன்னேன், சாவு வீட்டு வாசலில் நின்று. நீ அதை அரட்டை என்று நினைத்தாய்.

நானும் அவளும் சிங்களத்தில் பேசியதே இல்லை. சண்டை, சமாதானம், உப்புக் கூடிப்போனது, நீ பிறந்தது எல்லாம் தமிழ்தான். தமிழில் அவளைப் பற்றி வாயைத் திறந்தால், பக்கத்தில் அவள் பதில் சொல்லவில்லை என்பதுதான் எனக்குக் காதில் விழுகிறது. அதைத் தாங்க முடியவில்லை. உன்னிடம் நான் "குளவி" என்று ஒரு சொல் சொன்னேனே, அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது.

மஸீஹாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். கோபிக்காதே.

அப்பா

மாவனல்லை,
2024 ஏப்ரல் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

கோபமில்லை. உங்களுக்கு எது நல்லது என்று உங்களைக் கேட்காமலே நான் முடிவு செய்துவிட்டேன். இனோகா மிஸ்ஸிடமே போங்கள். மே மாதம் முதல் செவ்வாய்க்கு நானும் வருகிறேன், உள்ளே வரமாட்டேன்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். கேட்காமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை. அம்மாவின் கடைசி நேரம் இனோகா மிஸ்ஸுக்குத் தெரியும், லொறிக்காரர்களுக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. கண்ணை மூடினால் நானாக ஒவ்வொன்றைக் கற்பனை செய்துகொள்கிறேன், ஒன்றைவிட ஒன்று மோசம். வாயால் வராவிட்டால் எழுதுங்கள். எனக்குச் சிங்களத்தில் வேண்டாம் அப்பா.

நிரோஷா

பலாங்கொடை,
2024 ஏப்ரல் 28

அன்பு மகளுக்கு,

இதைத் தொடங்கிக் கிழித்து, தொடங்கிக் கிழித்து, இப்போது எழுதுகிறேன். நடுவில் எழுந்து வெளியே போய்விட்டு வருவேன், மை மாறியிருந்தால் அதுதான் காரணம்.

அன்றைக்கு மேல் மலையில் கொழுந்து. சவுக்கு மரத்தில் இருந்த குளவிக் கூட்டைக் கழுகு கொத்தியதோ, காற்று ஆட்டியதோ தெரியாது. பெண்களெல்லாம் கத்திக்கொண்டு இறங்கி ஓடினார்கள். உன் அம்மா முன்னால் ஓடியவள்தான். பின்னால் ஒருத்தி விழுந்துவிட்டாள் என்று திரும்பிப் போய், தலையில் போட்டிருந்த படங்குத் துணியை அவள் மேல் போர்த்தியிருக்கிறாள். விழுந்தவள் பிழைத்துக்கொண்டாள். நான் லொறியோடு ரோட்டில் நின்றேன். உன் அம்மாவைத் தூக்கி வந்து முன் சீட்டில் ஏற்றினோம். கடி பட்ட இன்னும் இரண்டு பேர் பின்னால் கொழுந்து மேல் இருந்தார்கள்.

கொழுந்துப் பையைக் கழற்றப் பார்த்தேன். விடவில்லை. "இன்னும் நிறுக்கலங்க" என்றாள். அதை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் ஓட்டினேன். என்னமோ பேசிக்கொண்டே ஓட்டினேன், கூரைத் தகரம் மாற்றுவது, உனக்கு மாப்பிள்ளை பார்ப்பது. அவள் ம், ம் என்றாள். மூன்றாம் வளைவில் ம் வரவில்லை. அவள் தலை என் தோளில் சாய்ந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது மகளே. தெரிந்துதான் ஓட்டினேன். நிறுத்தினால் அது நடந்ததாகிவிடும் என்று, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவளோடு பேசிக்கொண்டே போனேன்.

உன் அம்மாவுக்கு முகம் வீங்கியிருந்தது. ஆனால் வலித்துக் கத்தியதாக நீ நினைக்காதே. கடைசியில் தூங்குகிறவள் போலத்தான் இருந்தாள். அதை நான் சத்தியமாய்ச் சொல்வேன்.

அங்கே அவளை உள்ளே கொண்டுபோன பிறகு ஸ்டோரிலிருந்து போன் வந்தது, லொறியில் இருக்கிற கொழுந்து வாடிவிடும் என்று. கொண்டுபோனேன். என்னால் நம்ப முடியவில்லை, கொண்டுபோனேன். சீட்டில் கிடந்த அவள் பையையும் வாங்கி மற்றதோடு கொட்டிவிட்டார்கள். அதுவும் வதங்கி, அரைபட்டு, தேயிலையாகி யார் வீட்டுக்கோ போய்விட்டது. எந்தத் தம்ளரில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சதீஸின் அம்மா பாவம், அவர் நீட்டியது நல்ல தேத்தண்ணிதான்.

பவளம் செத்துவிட்டாள். உன் அம்மா பவளம் செத்துவிட்டாள். இதைத் தமிழில் நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

அப்பா

மாவனல்லை,
2024 மே 13

அன்புள்ள அப்பாவுக்கு,

செவ்வாய்க்கிழமை நீங்கள் உள்ளே போனபோது நான் வெளியே பெஞ்சில் உட்காரத்தான் நினைத்தேன். உட்கார்ந்தேன், எழுந்தேன், நடந்தேன். பக்கத்தில் இருந்த பெண் தன் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள், நான்தான் நோயாளி என்று நினைத்திருக்கிறாள். நீங்கள் கண்கள் சிவந்து வெளியே வந்தீர்கள். பேச நிறைய இருந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று சதீஸ் வீட்டுக்குப் போனேன். நானாகவே போனேன். தேத்தண்ணி ஏன் குடிக்கவில்லை என்று அவர்களிடம் சொன்னேன். உங்கள் கடிதத்தைக் காட்டவில்லை, அது என்னுடையது. வாயால் சொன்னேன். கிளினிக்கையும் சொன்னேன். சதீஸின் அம்மா அழுதுவிட்டார். "நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷி. ஆனால் அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, "கல்யாணம் முடியிற மட்டும் அப்பாவ அந்தப் பக்கம் போக வேணான்னு சொல்லும்மா. நாலு பேரு பார்த்தா நல்லா இருக்காது" என்றார். நீங்கள் சொன்னதேதான். நீங்களும் அவரும் பேசி வைத்த மாதிரி.

முடியாது என்றேன். அப்பா மாதாமாதம் போவார், திருமண வாரத்தில் செவ்வாய் வந்தாலும் போவார் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

சதீஸ் பஸ் நிற்கும் இடம் வரை கூட வந்தார். கோபமில்லை, முகம் மட்டும் வாடியிருந்தது. "ஒனக்கு அப்படி ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். அவர் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நின்றார். எனக்குக் கடையில் பிரித்துப் பிரித்து மடித்த அந்தப் புடவை ஞாபகம் வந்தது, அவிசாவளையில் காரணமில்லாமல் இறங்கி நின்றது ஞாபகம் வந்தது. அம்மாவின் நம்பருக்கு நான் இன்னும் போன் எடுப்பது உங்களுக்குத் தெரியாது. இப்போது அது வேறு யாருக்கோ போய்விட்டது, ஒரு சிங்களக் கிழவர் எடுத்து, "பிழை நம்பர் மகள்" என்று அலுக்காமல் சொல்கிறார், அதைத் தெரிந்தும் எடுக்கிறேன்.

"தெரியல. கேட்டுப் பாக்கணும்" என்று சொன்னேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். சதீஸிடமிருந்து இன்றைக்குப் போன் வரவில்லை. வராமலே போகலாம். பொய் சொல்ல மாட்டேன், அவரை எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒளித்து வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் போய், உங்களைப் போல எல்லாவற்றையும் கூரைக்கம்பியில் செருகி வாழ எனக்கு முடியாது.

அதனால் அப்பா, டிஸ்பென்சரி ஐயாவிடம் எனக்கும் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். இனோகா மிஸ்ஸிடமும் சொல்லுங்கள், வருகிற மாதம் உங்களுக்குப் பிறகு நான் வருகிறேன் என்று. முதலாளியிடம் இந்தத் தடவை பல்வலி என்று சொல்லப் போவதில்லை. நீங்கள் என்னோடு உள்ளே வர வேண்டாம். எனக்குக் கதவைத் திறக்கப் பயமாக இருக்கும், திரும்பிப் பார்ப்பேன். அப்போது நீங்கள் அந்தப் பெஞ்சில் இருங்கள். எழுந்து நடக்காமல் இருங்கள்.

உங்கள் மகள்
நிரோஷா